நாங்கள் செயின் மாட்டிய நாள்

தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரே ஆணியில் இரண்டு சைக்கிள் செயின்கள் தொங்கியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒன்று, நானுஓயா ஏற்றத்தில் அறுந்து என் கணவரைக் கீழே தள்ளியது. மற்றது புதியது. கையில் மாவுக்கட்டோடு நுவரெலியா ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தவர், வீட்டுக்கு வருமுன் சைக்கிள் கடைக்குப் போய் அதை வாங்கியிருந்தார். எனக்குக் கோபம் தாங்கவில்லை.

கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. நான் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் சமையல்காரர். அங்கே தங்கிய வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன கியர் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வந்தார். அதிகம் பேசமாட்டார். என்னைவிட அந்தச் சைக்கிள்மீதுதான் அவருக்குப் பிரியம் என்று நினைத்திருந்தேன்.

"இனிமே இத ஓட்ட வேணாங்க. ஹோட்டல்லயே தங்க ரூம் இருக்குதானே?" என்றேன்.

அவர் செயினையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரூம் இருக்கு. நீ இங்கதானே இருக்க" என்றார்.

ஹோட்டலில் இரவுச் சாப்பாட்டு வேலை முடிவதற்குள் கடைசி பஸ் போய்விடும், சைக்கிள் இருந்தால்தான் அவர் வீட்டுக்கு வரமுடியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தானையைச் செருகிக்கொண்டு சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவர் சொல்லச் சொல்ல என் கைகள் செய்தன. பழைய செயினின் அளவுக்கே வெட்டிவிடலாம் என்றுதான் நான் எண்ணினேன். கூடாது, அது தேய்ந்து நீண்டுவிட்டது என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தாராம். இரண்டையும் ஒரே ஆணியில் மாட்டிப் பார்த்தபோது தெரிந்தது. மேலே கண்ணிக்குக் கண்ணி ஒட்டி நின்றவை கீழே வரவர விலகின. பின்சக்கரப் பற்களைத் தடவிப் பார்த்தோம். அவை கூராகத் தேயவில்லை. செயின் மட்டும் மாற்றினால் போதும்.

பின்னால் தொங்கும் கியர் மாற்றும் கைக்குள் நுழைக்காமல், புதுச் செயினை முன்னால் பெரிய பற்சக்கரத்தையும் பின்னால் பெரிய பற்சக்கரத்தையும் சுற்றி இழுத்தேன். இரண்டு முனைகளும் சேர்ந்த இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூட்டி, அங்கே என் கொண்டை ஊசியைச் செருகினேன்.

"கூடிப்போனா இன்னும் கழட்டலாம். கொறைஞ்சா, பெரிய பல்லுக்குப் போறப்ப இழுத்து ஒடச்சிரும்" என்றார்.

அவர் மறுபடி விழுவதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். ஊசியை எடுத்துவிட்டு முதலிலிருந்து அளந்தேன். அதே கண்ணியில்தான் வந்து நின்றது. பிறகே வெட்டினேன்.

மாட்டி முடித்ததும், அவர் நல்ல கையால் சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க, நான் பெடலைச் சுற்றி ஒவ்வொரு கியராக மாற்றினேன். பெரியதோடு பெரியது சேர்ந்தபோது கியரின் கை முன்னோக்கி நீண்டது, ஆனாலும் விறைக்கவில்லை. அவர் சிரித்தார். என் முகத்தை நேராகப் பார்த்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. என் கன்னத்தில் கிரீஸ் என்றார். துடைக்கக் கை நீட்டி, மாவுக்கட்டோடு பாதியில் நின்றுபோனார்.

கை குணமான பிறகு பல வருஷம் அந்த ஏற்றத்தில் ஏறி இறங்கினார். போன வருஷம் நோயில் படுத்தவர் எழுந்திருக்கவேயில்லை.

இப்போது கிளினிக்குக்கு நான் பஸ்ஸில் நுவரெலியா போகிறேன். நானுஓயா தாண்டியதும் பஸ் முனகிக்கொண்டு ஏறும். பக்கத்தில் இருப்பவர்கள் தூங்குவார்கள். என் கால்கள் மட்டும் ஒன்று மாற்றி ஒன்று தரையை அழுத்திக்கொண்டே போகும்.