காவலாளி போட்ட வெள்ளைக்கல்

எண்பதுகளில் குற்றாலத்தில் நான் தங்கிய விடுதியின் காவலாளிக்குத் தடித்த கழுத்து, எப்போதும் சிவந்த கண். மீன் தொட்டித் தண்ணீரைச் சரளைப் படுகையில் பாயவிட்டுக் கீரை வளர்த்தார். வடிந்த தண்ணீர் தொட்டிக்கே திரும்பும். தினமும் காலையில் அதை விரலால் தொட்டு நக்கிப் பார்ப்பார்.

அந்தச் சீசனில் கீரை மஞ்சளாக வெளிறியது. ஒருநாள் விடுதிச் சமையல்காரனின் பிடரியைப் பிடித்துத் தொட்டிக்குள் அமுக்கினார். விளிம்பில் மோதி அவன் மூக்கு உடைந்தது.

"ஏலே, சோப்புத் தண்ணியா ஊத்துத?"

"நா ஊத்தல அண்ணாச்சி!"

விலக்கப் போன என்னையும் தள்ளினார். என் கையிலிருந்த எலுமிச்சைச் சாறு சரளையில் கொட்டியது. வெள்ளைக் கற்கள் பொங்கி நுரைத்தன. பள்ளியில் வேதியியல் நடத்துகிறவன் நான், விஷயம் புரிந்துவிட்டது.

"அவன விடுங்க! இது சுண்ணாம்புக்கல். தண்ணியில உள்ள புளிப்ப முறிச்சிரும். அப்புறம் கீரைக்கு இரும்புச்சத்து ஏறாது. யார் போட்டது?"

பிடி தளர்ந்தது. "நாந்தான் சார். பாக்க அழகா இருக்கட்டும்னு ஆத்துக்கல்ல அள்ளிட்டு இதப் போட்டேன்."

ரத்தம் வழிய நின்றவன் கையில் ஒரு கல்லைத் திணித்துத் தன் தலையைக் குனிந்து காட்டினார். "எறிலே."

எறிந்தான். மண்டை உடைந்தது.

மறுநாள் தலையில் கட்டோடு அவரும், வீங்கிய மூக்கோடு அவனும் ஒரே இரும்புச்சட்டியில் வெள்ளைக்கல்லை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அறையைக் காலி செய்து தென்காசிக்கு பஸ் ஏறியது நான்தான்.