யோகன் அண்ணை திருப்பிய ஒழுங்கை

"நெருப்பு இல்லைப் பிள்ளை. நான் யோகன்ரை மனுசி கதைக்கிறன்."

அன்று காலை எங்கள் தீயணைப்பு நிலையத்தின் தொலைபேசியில் செய்தி இப்படித்தான் வந்தது. நிலையத்துக்கு வீட்டு விடயமாக எடுப்பதானால் முதலில் "நெருப்பு இல்லை" என்று சொல்லிவிட வேண்டும், மணிச் சத்தத்துக்குச் சப்பாத்தை மாட்டத் தொடங்குகிறவர்களை வீணாக ஓட வைக்கக் கூடாது என்று யோகன் அண்ணை தம் வீட்டாரைப் பழக்கியிருந்தார். விடியற்காலை வாழைக்கு வாய்க்காலில் தண்ணீர் மாறிவிட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரம்பில் இருந்தவராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லையாம். கணவரை இழந்து ஒரு மணித்தியாலம்கூட ஆகாத அந்த அக்கா, அவர் பழக்கியபடியேதான் பேச்சைத் தொடங்கினார். நான் அழைப்புத் தாளை எடுத்து நேரத்தை எழுதினேன். 'இடம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அச்சிடும் இந்த மலரை வாங்கிப் பார்க்கிற எல்லோருக்கும் அவரைத் தெரியும். யோகராசா, நெடுங்காலம் எங்கள் பெரிய வாகனத்தின் சாரதி. நிலையத்தில் ஒரேயொரு பழைய வாகனம் மட்டும் இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அதன் தண்ணீர்த் தாங்கி ஒழுகுமாம். "நெருப்பு எங்கையெண்டு சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. நாங்கள் போன வழியிலை ஈரத்தைப் பாத்துக்கொண்டு வருவினம்" என்று சிரிப்பார். நகரத்துக்குள் கடை எரிந்தாலும் வெளியே எங்கோ பனங்கூடல் எரிந்தாலும் நாங்கள்தான் போகவேண்டும். நெருப்பு மட்டுமா? கிணற்றில் விழுந்த ஆடு, விபத்துக்குப் பிறகு வீதியில் பரவிய எண்ணெய், தேர்த் திருவிழாவன்று வெயிலில் காவல் நிற்பது, பள்ளிக்கூடங்களில் பயிற்சி, எல்லாவற்றுக்கும் அவர் போனார். ஒருமுறை கிணற்றிலிருந்து தூக்கிய ஆடு, மேலே வந்ததும் அவரையே முட்டிவிட்டு ஓடியது. "நன்றி சொல்லிப்போட்டுப் போகுது" என்று காற்சட்டையில் ஒட்டிய பாசியைத் தட்டினார்.

எங்கள் ஊர்களின் ஒடுங்கிய ஒழுங்கைகள் இப்படியான வாகனங்களுக்காகப் போடப்பட்டவை அல்ல. அவசரத்தில் உள்ளே போகும்போது யாருடைய வேலியாவது பிய்ந்துவிடும். யோகன் அண்ணை அந்த வீட்டைக் கவனித்து வைத்துக்கொள்வார். தமது ஓய்வு நாளில் கம்பியும் குறடும் கொண்டு சைக்கிளில் போய், தென்னங்கிடுகோ தகரமோ, தாமே கட்டிவிட்டு வருவார். அது அவருடைய வேலையில்லை, யாரும் கேட்டதும் இல்லை. "ஒரு வீட்டைக் காப்பாத்தப் போய் இன்னொரு வீட்டுக்குள்ளை மாடு பூர விட்டிட்டு வாறதோ?" என்பார்.

நான் நிலையத்தில் தொலைபேசி வேலைக்கு வந்த முதல் பெண். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான்தான். மேசன் வேலை செய்யும் அப்பாவுக்கு, மகள் அரசாங்கக் கதிரையில் இருக்கிறாள் என்பது பெரிய விடயம். எனக்கோ முகம் தெரியாதவர்களோடு உரத்துக் கதைக்க வராது. நான் தொலைபேசியில் மெல்லக் கதைப்பதைக் கேட்ட யோகன் அண்ணை, "பிள்ளை, நெருப்பு நித்திரையெண்டு நினைச்சியோ, எழும்பிப்போடும் எண்டு பயப்பிடுறாய்?" என்று பகிடி பண்ணினார். எல்லோரும் சிரித்தார்கள். அன்று எனக்கு அவர்மேல் கோபம்.

இனி எழுதப்போவதற்காகவே இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டேன்.

எங்கள் ஊர்களில் வயதானவர்கள் தனியே இருக்கும் வீட்டில் எது நடந்தாலும் முதல் அழைப்பு வெளிநாட்டுக்குத்தான் போகும். அன்று பிற்பகல் வந்த அழைப்பும் கனடாவிலிருந்துதான்.

"தீயணைப்போ? அம்மான்ரை குசினி எரியுது! கெதியாப் போங்கோ! அம்மா இப்பதான் எடுத்துச் சொன்னவ!"

காங்கேசன்துறைப் பக்கம், மக்கள் போரில் இடம்பெயர்ந்து நெடுங்காலத்தின் பின் மீண்டும் வந்து குடியேறிய ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னார். "சங்கக்கடைக்கு நேர் முன்னாலை இறங்கிற ஒழுங்கை. இடப்பக்கம் நாலாவது வீடு."

வெளியிலிருந்து யார் அழைத்தாலும், சம்பவ இடத்தில் நிற்பவரின் இலக்கத்தை வாங்கி, அவரிடமே வழியைக் கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். அது எங்கள் விதி. என் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது. நான் கேட்க வாயெடுத்தேன்.

"அண்ணை, அம்மான்ரை நம்பரை ஒருக்கால்..."

"அங்கை வீடு எரியுது, நீ என்னட்டை நம்பர் கேட்டுக்கொண்டு நிக்கிறாய்! வண்டியை விடு முதல்லை!"

அந்தச் சத்தத்துக்குப் பிறகு நான் இலக்கம் கேட்பதை விட்டுவிட்டேன். அவர் சொன்ன வழியை அப்படியே எழுதி யோகன் அண்ணையிடம் நீட்டினேன். "உறுதியோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

அந்த மகன் ஊரை விட்டுப் போய் முப்பது வருடத்துக்கு மேல். அவர் மனதில் இருந்த கூட்டுறவுச் சங்கக்கடை இடிந்து, மீள்குடியேற்றத்தின் பின் சந்திக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டப்பட்டிருந்தது. அதற்கு நேர் முன்னால் இறங்குவது வேறு ஒழுங்கை. யோகன் அண்ணை அதற்குள்தான் திருப்பினார். இரண்டு பக்கமும் மதில். நான் பிடித்திருந்த வோக்கிடோக்கியில் அவர் குரல் வந்தது. "பிள்ளை, இஞ்சை நெருப்பு இல்லை. அங்காலை பனைக்கு மேலாலை புகை தெரியுது. ஆரிட்டை வழி கேட்டனீ?" நான் மேசைக்கு மேலே ஒட்டியிருந்த விதியைப் பார்த்தேன். "சரி, நான் பாக்கிறன்" என்றார். அந்த ஒடுக்கமான ஒழுங்கையிலிருந்து வாகனத்தைப் பின்னுக்கு எடுத்து, சந்தியைச் சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது சமையல் குசினியும் அதோடு ஒட்டிய மாட்டுக் கொட்டிலும் எரிந்து விழுந்திருந்தன. கன்று வெளியே நின்றதால் தப்பியது. பசு கட்டியிருந்த கயிற்றோடேயே செத்துக் கிடந்தது. கனகம்மா என்ற அந்தத் தாய் கிணற்றுக்கட்டில் இருந்து, "அவிழ்க்கக் கிட்டப் போகேலாமப் போச்சு, கிட்டப் போகேலாமப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாவாம்.

மகன் முறைப்பாடு அனுப்பினார். விசாரணை என்றார்கள். என் வேலை நிரந்தரமாக இன்னும் சில மாதங்கள் இருந்தன. இரவெல்லாம் என்ன சொல்வதென்று யோசித்து வந்த என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. விசாரணைக்கு முதல்நாளே யோகன் அண்ணை எழுதிக் கொடுத்திருந்தார்: "ஒழுங்கையைப் பிழையாகத் திருப்பியது நான்."

வாகனம் கழுவுகிற இடத்துக்குப் போனேன். "ஏன் அண்ணை பொய் எழுதினியள்?"

"ஆர் பொய் எழுதினது? ஸ்டியரிங் என்ரை கையிலைதானே இருந்தது. நீயோ பிடிச்சனீ?"

"பிழையாச் சொன்னது நானெல்லோ."

அவர் குழாயை நிறுத்தினார். "ஓம். அது உன்ரை பிழை, நீதான் எழுதவேணும். வேலை நிரந்தரமான பிறகு எழுது. இப்ப எழுதினா அது நீ விட்ட பிழையா நிக்காது. பொம்பிளைப் பிள்ளையளை இதிலை இருத்தின பிழையா நிக்கும். பிறகு ஒருத்தரையும் எடுக்காயினம்."

அவரைப் பெரிய வாகனத்திலிருந்து இறக்கித் தண்ணீர் ஏற்றும் பவுசருக்கு மாற்றினார்கள். வர இருந்த பதவி உயர்வு வரவில்லை. எங்களோடு வேலை செய்யும் சுதன் பகிடியாக வைத்த 'சுத்துவழி யோகன்' என்ற பெயர் நிலையத்தைத் தாண்டி, சந்தியைத் தாண்டி, எங்கும் போய்விட்டது. அவரும் கூடச் சிரித்தார். "சுத்தினாலும் வந்து சேருவன்தானே" என்பார்.

என் வேலை நிரந்தரமானது. கடிதத்தைக் காட்டினேன். வாசித்துவிட்டு, "அப்ப, எப்ப எழுதப் போறாய்?" என்று கேட்டார்.

"அடுத்த கிழமை அண்ணை."

"ஓம் ஓம், ஆறுதலாச் செய். நெருப்பே பிடிச்சிட்டுது?"

அதற்குப் பிறகு அவர் கேட்கவேயில்லை. நான் எழுதவும் இல்லை. ஒவ்வொரு கிழமையும் அடுத்த கிழமை இருந்தது. வெட்கம் என்றும் பயந்த சுபாவம் என்றும் எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன். அது பயந்த சுபாவம் இல்லை. அவர் சுமப்பது எனக்கு வசதியாக இருந்தது.

அவர் இறந்த மறுநாள், சந்தியில் நண்பர்கள் கட்டிய கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் அவர் படத்துக்குக் கீழே பெயரும், அதன் பக்கத்தில் அடைப்புக்குள் 'சுத்துவழி யோகன்' என்றும் இருந்தது. அன்பில் போட்டதுதான். செத்த வீட்டில் இருந்தவர்களும் அந்தக் கதையைச் சொல்லி அழுகைக்கு நடுவே சிரித்தார்கள். நான் தூணோடு நின்றேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

எட்டாம் நாள் சடங்கு முடிந்து, மலருக்கு எழுதித் தரும்படி அவர் மகள் நிவேதா கேட்டாள். உயர்தரம் படிக்கிறவள். "அக்கா, அந்தப் பட்டப்பேரை மட்டும் எழுதாதேங்கோ. பள்ளிக்கூடத்திலை என்னையும் சுத்துவழி எண்டுதான் கூப்பிடுறவை."

அவளுக்கும் தாய்க்கும் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். தாய் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். நிவேதா தாயின் பக்கத்தில் போய் இருந்தாள். பிறகு, "அப்பாவுக்கு உங்களிலை கோவம் இருந்ததோ?" என்று கேட்டாள்.

"தெரியாது. நான் கேக்கேல்லை."

"அப்ப அந்தப் பேரையும் எழுதுங்கோ. ஏன் வந்ததெண்டும் எழுதுங்கோ."

நிலையத்தில் பழைய கோப்பில் சேர்க்கும்படி கடிதம் கொடுத்தேன். "ஆளே போயிட்டுது, இனி ஏன் பிள்ளை?" என்றார் பொறுப்பதிகாரி. வாங்கி வைத்தார். என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. கனகம்மாவிடமும் பஸ் எடுத்துப் போனேன். எரிந்த கொட்டில் இருந்த இடத்தில் பனைமரச் சலாகை வைத்து அழகாகப் புதுக் கொட்டில் நின்றது. வளர்ந்துவிட்ட கன்று அதற்குள் படுத்து அசைபோட்டது. யோகன் அண்ணை ஓய்வு நாட்களில் வந்து கட்டியதாம். தம் பிழைக்காகத்தான் வந்து வந்து போகிறார் என்று கனகம்மா இவ்வளவு காலமும் நினைத்திருந்தா. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அப்ப ஏன் பிள்ளை அவன் வந்தவன்?" என்று கேட்டா. வேலி கட்டப் போன வீடுகளின் கதையைச் சொன்னேன். அவ தலையாட்டினா. என்னை இருக்கச் சொல்லவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு கேள்விதான். "உறுதியோ?" இப்போது தொலைபேசியில் யார் எவ்வளவு கத்தினாலும், அங்கே நிற்பவரின் இலக்கத்தைத் தரும்வரை நான் விடுவதில்லை. என் குரல் வெளிமுற்றம் வரை கேட்கிறதாம். கேட்டுப் பகிடி பண்ண அவர் இல்லை.

அவரை அறிந்தவர்களே, இனி அந்தக் கதையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். யோகன் அண்ணை வழி தவறவில்லை. நான் சொன்ன வழியில்தான் போனார்.