இசக்கி தூக்கிய சிவப்பு அட்டை

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் சட்டையில் பாயசம் கொட்டிவிட்டது. கொட்டியது என்பது மரியாதைக்குச் சொல்வது... பறந்து வந்து விழுந்தது!

அன்று அவருக்கு அறுபதாவது பிறந்தநாள். ஹால், கேக் எல்லாம் வேண்டாம் என்று, சங்கரன்கோவிலிலிருந்து கரிவலம்வந்தநல்லூர் போகிற வழியில், சிறப்புக் குழந்தைகள் தங்கியிருக்கும் ஓர் இல்லத்தில் மதியச் சாப்பாடு ஏற்பாடு செய்திருந்தோம். 'நான்தான் பரிமாறுவேன்' என்று வாளியும் கரண்டியுமாக இறங்கிவிட்டார் மனுஷர்.

கடைசி வரிசையில் இசக்கி. பன்னிரண்டு வயதுச் சிறுமி, பேச்சு வராது. வேண்டாதது தட்டில் விழுந்தால் தட்டு பறக்கும். தடுக்கப் போனால் கடி. முன்பு இருந்த இல்லத்தில் 'எங்களால் ஆகாது' என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இளையரசனேந்தல் பக்கம் ஆடு மேய்க்கிற அப்பா... தாயில்லாப் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுக் காட்டுக்குப் போவார்?

இங்கே மெர்சி டீச்சர், அவள் கழுத்தில் ஒரு சிவப்பு அட்டையை மாட்டிவிட்டிருக்கிறார். தூக்கிக் காட்டினால் 'போதும்' என்று அர்த்தம். காட்டிய நிமிஷம் யாராக இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். இது பழகியபிறகு தட்டு பறப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. வாசலிலேயே இதைச் சொல்லித்தான் எங்களை உள்ளே விட்டார்.

என் வீட்டுக்காரரும் தலையாட்டினார். ஆனால் கையில் கரண்டி ஏறியபிறகு நம் ஆட்களுக்குக் காது கேட்குமா?

இசக்கி அட்டையைத் தூக்கினாள்.

"கூச்சப்படுதா பாரு! பாயசம் மக்கா... ஒரு கரண்டி குடி."

இன்னும் உயரமாகத் தூக்கினாள். இவர் ஊற்றினார். அப்புறம்தான் அந்தப் பாயசம் பறந்தது.

மெர்சி ஓடி வந்தார். கோபம் இசக்கி மேல் இல்லை.

"எறிஞ்சது தப்புதான் அண்ணாச்சி. ஆனா சொல்லிட்டுல்லா எறிஞ்சா! நீங்க கேக்கலன்னா, இந்த அட்டை வேலைக்காவாதுன்னு நெனச்சிருவா. பெறவு பழையபடி கடிதான். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அவ அப்பா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு இப்பத்தான் தைரியமாச் சொல்லியிருக்காரு..."

இவர் முகம் செத்துவிட்டது. இசக்கி காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தாள்.

"நான் சமாதானம் சொல்லட்டுமா டீச்சர்?" என்றார் இவர்.

"ஒண்ணும் சொல்லாண்டாம். தள்ளி நில்லுங்க, போதும்."

நம் பந்திகளில் 'போதும்' என்ற சொல்லுக்கு என்றைக்காவது மதிப்பு இருந்திருக்கிறதா? இலையைக் கையால் மறைத்தால் விரலிடுக்கு வழியாக சாம்பார் ஊற்றுகிறவர்கள் அல்லவா நாம்! இதற்குப் பெயர் உபசாரம். 'போதும்' என்று காட்டியும் ஊற்றிய ஆத்திரத்தில் ஒரு பிள்ளை தட்டை வீசினால் மட்டும் — முரட்டுத்தனம்!

இசக்கி மெல்ல அடங்கினாள். வேறு தட்டில் சோறு வந்தது. இவர் தூரத்தில் நின்றே கரண்டியைக் காட்டி, "ஊத்தவா?" என்றார்.

சிவப்பு அட்டை. இவர் சட்டென்று ஓரடி பின்னால் போனார்.

இசக்கி ஆச்சரியமாகப் பார்த்தாள். மறுபடி தூக்கினாள். இன்னோரடி. மறுபடி... இன்னோரடி. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அறுபது வயது ஆள், பாயச வாளியோடு பின்னோக்கியே நடந்து, நிலைப்படி தாண்டி வராந்தாவுக்கே போய்விட்டார்! இசக்கி நிம்மதியாகச் சோற்றைப் பிசைந்தாள்.

வெளியிலிருந்து குரல் வந்தது: "டீச்சர்... நான் உள்ள வரலாமா?"

"என்கிட்ட ஏன் கேக்கிய? அவகிட்ட கேளுங்க அண்ணாச்சி!"

கேட்டார். பிறந்தநாள்காரர் பாயசத்தை வராந்தாவிலேயே நின்று குடித்தார்.