உங்கட காருக்குக் கீழ சிலுவை இருக்கோ?

இண்டைக்கு ஒரு மனுசனைச் சந்திச்சனான். சந்திச்சனான் எண்டு சொல்லுறதை விட, அவற்ர காலைத்தான் முதல்ல கண்டனான்.

காலமை மன்னார் சந்தைக்குப் பக்கத்தில காரை விட்டுட்டு மீன் வாங்கப் போனன். திரும்பி வரேக்க ஒருத்தர் என்ர காருக்குக் கீழ படுத்துக் கிடக்கிறார். தலை உள்ளுக்க, கால் ரெண்டும் வெளியில. ஹைபிரிட் கார் வைச்சிருக்கிறவைக்கு இந்தப் பயம் விளங்கும், எதையாவது கழட்டிக்கொண்டு போறாங்களோ எண்டு. நான் மீன் பையோட ஓடிப்போய், ஆர் நீங்கள், என்ன செய்யிறீங்கள் எண்டு கேட்டன். மரியாதையாக் கேட்டனான் எண்டு சொல்ல மாட்டன்.

அவர் அவசரப்படேல்லை. மெல்ல வெளியில வந்து, சேட்டில ஒட்டின மண்ணைத் தட்டிப்போட்டு, "தம்பி, அடியில இந்தப் பிளேட் எப்ப போட்டனீங்கள்?" எண்டார்.

ஐப்பசியில போட்டனான் எண்டு சொன்னன். "அப்ப மாரி முழுக்க ஓடியிருக்கு. உள்ளுக்க தண்ணி நிக்குது. தட்டிப் பாத்தனான், சத்தம் வேற மாதிரி இருக்கு" எண்டு சொல்லி, வங்காலையில அவற்ர வீட்டுக்குக் காரைக் கொண்டுவரச் சொன்னார். காசு வேண்டாமாம். முதல்ல நம்பேல்லை. ஆனா ஆள் தன்ர மோட்டச்சைக்கிளில முன்னுக்குப் போக, நான் ஏனோ பின்னால போயிட்டன்.

அவற்ர பேர் அலெக்ஸாண்டர். ஐம்பத்திரண்டு வயசு. இருவது வருசமா பைபர் படகு திருத்துறவர். படகின்ர அடி வெடிச்சா, பைபர் நார்ப் பாயை விரிச்சு, ரெசின் பசை பூசி, காய வைச்சு, தேய்ச்சு எடுப்பார். இந்தக் கரையில அவர் திருத்தின படகில தண்ணி ஒழுகினதா ஒருத்தரும் சொன்னதில்லையாம். இதை அவர் சொல்லேல்லை. அவற்ர மனுசி லூசியா அக்காதான் சொன்னவ, அதையும் கோவத்தோடதான் சொன்னவ.

கார் தெரியாத ஆக்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஹைபிரிட் கார் நிலத்தோட ஒட்டின மாதிரித்தான் ஓடும். எஞ்சினுக்குக் கீழ ஒரு பிளாஸ்ரிக் மூடி கொம்பனியாலயே வரும். எங்கட கிரவல் ரோட்டில ரெண்டு மாசத்தில அது கிழிஞ்சு தொங்கும். அதுக்குப் பதிலா இரும்புப் பிளேட் போட்டா, உப்புக்காத்து ஒரு வருசத்தில தின்று முடிச்சிடும். அதாலதான் அலெக்ஸாண்டர் அண்ணைக்கு யோசினை வந்தது, பைபரில செய்தா என்ன எண்டு. கல்லுக்கும் உடையாது, உப்புக்கும் கறள் பிடிக்காது. உண்மையாவே நல்ல யோசினை, நான் இப்பவும் அப்பிடித்தான் சொல்லுவன்.

முதல் பிளேட்டை நசீறா ரீச்சரின்ர காருக்குத்தான் செய்து குடுத்தவர். ரீச்சர் எருக்கலம்பிட்டி. படிப்பிக்கிறது கொண்டச்சிப் பக்கத்தில ஒரு பள்ளிக்கூடம். கார் வாங்க முதல் விடிய முன்னம் வெளிக்கிட்டு பஸ் மாறி மாறிப் போனவ. கார் வந்தாப் பிறகுதான் ஓ.எல். சோதினை எடுக்கிற பொம்பிளைப் பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு வைக்கத் தொடங்கினவ, கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் இல்லைதானே. ரீச்சரின்ர பிளேட்டைப் பாத்து ஆக்கள் வந்திச்சினம். எல்லாமாப் பதினாலு கார்.

அவர் செய்யிற எல்லாத்திலயும் ஒரு சிலுவை இருக்கும். பெருவிரல் அளவு. மோல்டிலயே அதை வைச்சிருக்கிறார், வாற ஒவ்வொரு துண்டிலயும் அது பதிஞ்சிருக்கும். படகில முன்பக்கம் அணியத்துக்குக் கீழ, கார் பிளேட்டில நடுவில. கடலுக்குப் போற எதையும் அப்பிடி ஆண்டவரிட்ட ஒப்புக்குடுக்காமல் விடுறேல்லையாம்.

ஆனா அந்தப் பதினாலு பிளேட்டிலயும் ஒரு ஓட்டைகூட இல்லை.

எனக்கு இதைக் கேக்க அந்தரமாப் போச்சு. கார் பிளேட்டில தண்ணி வடியிறதுக்கு ஓட்டை இருக்கோணும், அது எந்தக் கராஜில கேட்டாலும் சொல்லுவாங்கள். ஆனா இருவது வருசமா அடியில ஓட்டை அடைக்கிறதே வேலையா இருந்த மனுசன் தன்ர கையால அடியில ஓட்டை போடுவாரோ? அவருக்கு அந்த எண்ணமே வரேல்லை. கீழால ஒரு சொட்டு வராது எண்டு சொல்லித்தான் பூட்டினவர். சொன்ன மாதிரியே கீழால வரேல்லை. ரயரால, மேலால வந்தது. வந்தது போக வழியில்லாமல் நிண்டது. எங்கட ரோட்டில மாரிக்கு நிக்கிற தண்ணி என்ன தண்ணி எண்டு உங்களுக்குத் தெரியும், பாதி கடல்.

போன வருச மாரியில ரீச்சரின்ர கார் அரிப்பு ஊருக்குக் கிட்ட நிண்டிட்டுது. பிறகு அசையவே இல்லை. மோட்டருக்குப் பெரிய கரண்ட் போற ஒரேஞ்ச் வயரின்ர பூட்டு உப்பில ஊறி அரிச்சுப் போச்சு எண்டு கராஜ்காரன் சொன்னவன். திருத்தலாம்தான், ஆனா அந்தச் சாமானுக்கு ரீச்சரின்ர சம்பளம் காணாது. கார் இப்பவும் அவையின்ர முத்தத்தில ரயர் இறங்கி நிக்குது. ரீச்சர் திரும்பவும் பஸ்ஸில. பின்னேர வகுப்பு இல்லை.

ரெண்டு நாள் கழிச்சு ரீச்சரின்ர மனுசன், ஹலீம் நானா, ஒரு ஓட்டோவில அந்தப் பிளேட்டை ஏத்திக்கொண்டு வங்காலைக்கு வந்தவர். ரீச்சர் ஓட்டோவுக்குள்ளயே இருந்திட்டா. ஹலீம் நானா பிளேட்டை முத்தத்தில வைச்சார். உள்ளுக்க வெள்ளையா உப்பு, தண்ணி எவ்வளவுக்கு நிண்டது எண்டு கோடு கோடாத் தெரியுது.

"உங்கட வேலையில பிழை சொல்லேலாது அண்ணன். நல்லாத்தான் பிடிச்சு வைச்சிருக்கு" எண்டாராம் ஹலீம் நானா. "வெளிய இருந்து உள்ள வராதெண்டு சொன்னீங்க. உள்ள வந்தது வெளிய போறதுக்கு எங்க வழி விட்டீங்க?"

அலெக்ஸாண்டர் அண்ணை இந்த இடத்தைச் சொல்லேக்க ட்ரில்லை எடுத்து, அதின்ர வயரைச் சுத்தி, பிறகு திரும்பக் குலைச்சார். "படகுக்குள்ள தண்ணி வந்தா ஒருத்தன் இருந்து அள்ளி ஊத்துவான், தம்பி. காருக்குக் கீழ ஆர் இருந்து அள்ளுறது? எனக்கு இது விளங்கியிருக்கோணும்" எண்டார்.

அண்டைக்கு ஓட்டோவுக்குக் கிட்டப் போய் ரீச்சரிட்ட மன்னிப்புக் கேட்டவராம். அவ ஏசேல்லை. எனக்கு ஒண்டும் வேணாம், மத்தக் கார் எல்லாத்தையும் தேடிப் பிடிச்சு ஓட்டை போடுங்க, முடிச்சிட்டு வந்து சொல்லுங்க எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போயிட்டா.

அண்டையில இருந்து இந்த மனுசனுக்கு வேற நினைப்பில்லை. தன்ர சிலுவையோட ஓடுற இன்னொரு கார் அப்பிடி நடுரோட்டில நிண்டிடக் கூடாது. ட்ரில்லை மோட்டச்சைக்கிளில கட்டிக்கொண்டு வீடு வீடாப் போனார். நான் செய்தது பிழை, கழட்டி ஓட்டை போட்டுத் திரும்பப் பூட்டித் தாறன் எண்டு தானே வாயால சொன்னார். சில பேர் விட்டினம். ஒருத்தர் புது பிளேட் கேட்டார், அதையும் செய்து குடுத்தவர். இன்னொருத்தர், காசு வாங்கிப் போட்டு இப்ப ஓட்டை போட வந்திருக்கிறியோ எண்டு படலையடியிலயே வைச்சு ஏசிக் கலைச்சவர். மூண்டாந்தரம் போகேக்கதான் அவர் காரைக் காட்டினவர்.

கதை கரை முழுக்கப் பரவிச்சுது. ஆனா அவர் பிழையை ஒத்துக்கொண்டு திருத்தித் திரியிறார் எண்டு பரவேல்லை. அலெக்ஸாண்டர் ஓட்டை போடுறான் எண்டு பரவிச்சுது. கரையில மீன் வாடியில முதல்ல பகிடியாத்தான் கதைச்சவை, ஓட்டைக்காரன் வாறான், படகை இழுத்து வையுங்கோ எண்டு. பிறகு ஒரு சம்மாட்டி, மூண்டு படகு வைச்சிருக்கிறவர், பாதி வேலையில நிண்ட தன்ர படகைத் திருப்பி எடுத்துக்கொண்டு போயிட்டார். அதுக்குப் பிறகு ஒருத்தரும் படகு கொண்டுவரேல்லை. நான் போகேக்க அவற்ர வேலைக் கொட்டிலுக்குள்ள ஒரு படகும் இல்லை. ரெசின் பீப்பாவுக்கு மேல கோழி நிக்குது.

லூசியா அக்கா என்ர மீனை வாங்கி ஐஸில போட்டுட்டு, தேத்தண்ணி கொண்டுவந்து தந்தவ. அவவுக்கு இந்தக் கதையில கொஞ்சமும் பெருமை இல்லை. "இவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தா நட்டம் பதினாலு வீட்டுக்குப் பிரிஞ்சு போயிருக்கும். இப்ப முழுக்க எங்கட வீட்டில" எண்டா. அவர் கேக்காத மாதிரி என்ர காருக்குக் கீழ போயிட்டார்.

முன் பக்கத்து நட் ரெண்டையும் இளக்கினதுதான் தாமதம், தண்ணி ஊத்திச்சுது. பொய் சொல்லேல்லை, ஒரு வாளிக்குக் குறையாது. கறுத்த தண்ணி, அழுகின பாசி மணம். முழுக்க அவற்ர நெஞ்சில. மனுசன் கண்ணை மூடிக்கொண்டு படுத்துக் கிடந்தார். மூண்டு மாசமா நான் இதுக்கு மேல இருந்து ஓடியிருக்கிறன். போட்ட அண்டைக்கு இதே பக்கத்தில படம் போட்டு, மன்னார் ரோட்டுக்கு இதுதான் சரி எண்டு எழுதினதும் நான்தான். நூற்றுச் சொச்சம் பேர் விருப்பம் போட்டிருக்கிறீங்கள்.

பிளேட்டைக் கழட்டி முத்தத்தில கவிட்டு வைச்சுக் கழுவினம். நடுவில சின்னச் சிலுவை.

"அப்ப இது உங்கட பதினாலில ஒண்டோ அண்ணை?" எண்டு கேட்டன்.

அவர் விரலால கரையைத் தடவிப் பாத்தார். "இது நான் செய்தது இல்லை. இவ்வளவு மெல்லிசா நான் விரிக்கிறேல்லை. சிலுவை மட்டும் என்ர."

எனக்கு விளங்க ஒரு நிமிசம் பிடிச்சுது. நான் வாங்கினது ரவுணில ஒரு கடையில. பேர் சொல்ல மாட்டன். அவங்கள் எங்கேயோ அவற்ர பிளேட் ஒண்டை வாங்கி, அதிலயே மோல்ட் எடுத்து, கறுப்புப் பெயின்ற் அடிச்சு விக்கிறாங்கள். ஓட்டை இல்லாத பிளேட்டுக்கு மோல்ட் எடுத்தா வாறதும் ஓட்டை இல்லாமல்தான் வரும். சிலுவையை அழிக்கக்கூட மினக்கெடேல்லை. கடை வாசல்ல 'ஒரு சொட்டுத் தண்ணியும் புகாது' எண்டு பெரிய எழுத்தில போட்டிருக்கு. அதைப் பாத்துத்தான் நானும் வாங்கினனான்.

நான் அங்கேயே நிண்டு கடைக்குப் போன் எடுத்தன். விசயத்தைச் சொன்னன். அங்கால சிரிக்கிறான். "ஓட்டைக்காரனிட்டயோ போனனீங்கள்? ஓட்டை போட்டா வாரண்டி இல்லை தம்பி" எண்டு சொல்லி வைச்சிட்டான்.

அலெக்ஸாண்டர் அண்ணை ட்ரில்லை எடுத்தார். தானும் முதலே அந்தக் கடையில போய்ச் சொல்லிப் பாத்தவராம், உன்ர ஓட்டைப் பிளேட்டை நீ வில், எங்கட வியாபாரத்தில கை வைக்காதை எண்டிட்டாங்களாம். ஆறு ஓட்டை போட்டார், தண்ணி தேங்கிற பள்ளமாப் பாத்து. ஓரங்களைத் தேய்ச்சார். வயரில உப்புப் பிடிச்சிருக்கோ எண்டு லைற் அடிச்சுப் பாத்தார். இன்னும் பிடிக்கேல்லை. எனக்கு அதிர்ஷ்டம் எண்டார். ஒரு ரூபாயும் வாங்கேல்லை. நான் சட்டைப்பையில திணிக்கப் போக, கையைத் தட்டி விட்டார்.

வெளிக்கிடேக்க, ரீச்சரிட்டப் போனனீங்களோ எண்டு கேட்டன்.

"பதினாலில பன்ரண்டு முடிஞ்சுது. மிச்சம் ரெண்டும் கிடைச்சதும் போய்ச் சொல்லுவம் எண்டுதான் இருந்தனான்" எண்டார். "பிறகு இந்தக் கள்ளப் பிளேட்டுகள் வரத் தொடங்கிட்டுது. உங்கடயோட ஒம்பது கண்டிட்டன். அந்தக் கார் நடுவழியில நிண்டாலும் சனம் சிலுவையைத்தானே பாக்கும். அவட்டப் போய் என்னெண்டு சொல்லுறது, தம்பி, முடிஞ்சுதெண்டோ?"

இவ்வளவுதான். அவர் கையைக் கழுவப் போயிட்டார். லூசியா அக்கா மீன் பையைக் கொண்டுவந்து கதவுக்குள்ளால தந்தவ. பின்னேரம் அவர் பெற்றோல் செட்டடிக்குப் போவாராம், அங்க கார் வரிசையில நிக்கிறதால குனிஞ்சு பாக்க வசதி. கள்ளன் எண்டு நினைச்சு ரெண்டு தரம் அவரைப் பொலிசிலயும் பிடிச்சுக் குடுத்திருக்கினம்.

எனக்கு இதுக்கு மேல நல்லா எழுத வராது. ஒண்டு மட்டும் செய்யுங்கோ. மன்னார், முசலி, முருங்கன் எங்கயும் பைபர் அடிப்பிளேட் போட்ட ஹைபிரிட் கார் இருந்தா, குனிஞ்சு கீழ பாருங்கோ. சிலுவை இருந்து ஓட்டை இல்லையெண்டா வங்காலைக்குக் கொண்டு போங்கோ. கோயில் ரோட்டில ஆரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவினம், ஓட்டைக்காரன் எண்டு சொல்லித்தான் காட்டுவினம், அதைக் கணக்கெடுக்காதேங்கோ. நீங்களாத் துளைக்க வெளிக்கிட்டு ஒரேஞ்ச் வயரில கை வைச்சுப் போடாதேங்கோ. இன்னும் கிடைக்காத அவற்ர ரெண்டு காரில ஒண்டு வெள்ளை, முருங்கன் பக்கம் வித்ததாம். மற்றது சாம்பல், வவுனியாவுக்குப் போயிட்டுதாம். வவுனியாவில சொந்தக்காரர் இருக்கிற ஆக்கள் தயவுசெய்து இதை அவைக்கு அனுப்புங்கோ. என்ர பழைய பதிவுக்கு விருப்பம் போட்ட எல்லாரும் இதைப் பகிருங்கோ, அந்தப் படத்தைப் பாத்து அதே கடையில வாங்கினவையும் உங்களுக்குள்ள இருப்பீங்கள்.