அடக்க விலையில் பெங்களூர்

ஜெஸ்லின் பெங்களூருக்குக் குடிபோவதற்கு முன்னால் ஒரு பட்டியல் போட்டாள். மொத்தம் முப்பத்தெட்டு வரி. ஒவ்வொரு வரிக்கும் ராயபுரத்துக்கு ஒரு கட்டம், பெங்களூருக்கு ஒரு கட்டம். கல்யாணத்துக்கு வரன் பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள்.

எனக்கு அந்தப் பட்டியலைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. நான் ஜானட். ராயபுரம் கல்மண்டபத்தில் ஜெஸ்லின் வீட்டு மளிகைக் கடைக்கு எதிர்வீடு. ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேன். பதினோராம் வகுப்பிலிருந்து ஜெஸ்லின் என் தோழி. இருக்கிற ஒரே தோழியும் மூட்டை கட்டுகிறாள் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

அவளுக்கு அப்போது முப்பத்தொரு வயது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் ஏற்றுமதிப் பத்திரங்கள் தயார் செய்கிற வேலை. கைக்கு வருவது இருபத்தேழாயிரம். அதில் பத்தாயிரத்தை வீட்டுச் செலவுக்கு என்று அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். "நான் என் காசுலதான் சாப்பிடறேன்" என்று சொல்லும்போது அவள் தலை கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும்.

அம்மா என்றால் சுகிர்தம் ஆன்ட்டி. தெற்கே நாசரேத்துக்காரர். மளிகை மொத்த வியாபாரம். கீழே கடை, மேலே வீடு. அங்கிள் இறந்து பத்து வருடமாகிறது. அன்றிலிருந்து கல்லா ஸ்டூலில் ஆன்ட்டிதான். ஒரே பெண் என்பதால் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் ஜெஸ்லினைப் பார்த்து, "அடுத்த மொதலாளியம்மா" என்று சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். பிறகு என்னிடம் வந்து, "அந்த ஸ்டூலைப் பாத்தாலே எனக்கு மூச்சு முட்டுதுடி" என்பாள். மல்லி, மிளகாய் நெடியால் அல்ல. அந்த ஸ்டூலில் ஒருமுறை உட்கார்ந்தால் பிறகு எழுந்திருக்கவே முடியாது என்று நினைத்தாள்.

அந்த நேரத்தில்தான் பெங்களூரில் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் வேலை கிடைத்தது. கைக்கு நாற்பத்திரண்டாயிரம். ஆன்ட்டி மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் நிபந்தனை போட்டார்.

"போ, யாரு வேண்டாங்கா? இங்க மாசம் பத்தாயிரம் மிச்சம் பிடிக்கேல்லா, அங்க போயும் அது குறையக் கூடாது. ஆறு மாசம் பாப்பேன். குறைஞ்சா பேசாம வந்து கல்லாவுல உக்காரு."

இதற்குத்தான் அந்தப் பட்டியல். வாடகை, அட்வான்ஸ், தண்ணீர், பஸ், மெட்ரோ, ஆட்டோக்காரர் மீட்டருக்கு மேல் கேட்கும் தொகை என்று ஒன்றையும் விடவில்லை. "காற்று" என்று ஒரு வரி. அதில் ராயபுரத்துக் கட்டத்தில், "மணலி ஆலைகள் பக்கமிருந்து அடித்தால் ஜன்னலைச் சாத்த வேண்டும்" என்று குறிப்பு. "தூக்கம்" என்று ஒரு வரி. அதில், "கன்டெய்னர் லாரி ஹாரன்". கோயில் காணிக்கைக்கு மட்டும் இரண்டு ஊருக்கும் ஒரே தொகை. கர்த்தருக்கு மட்டும்தான் விலைவாசி ஏறவில்லை போலும்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் வரலட்சுமியைக்கூட விடவில்லை. பெங்களூரில் மீன் என்ன விலை இருக்கும் என்று அவரிடமே கேட்டாள்.

"அங்க மீனு ஏது கண்ணு? ஐஸ்ல போட்டு ஐஸ்ல போட்டு கட்ட மாறி வச்சிகினு கீறானுங்க. அத்துக்கு ஒரு வெலையா? பேசாம கறி துன்னு."

ஜெஸ்லின் மீன் வரியில் "கறி" என்று திருத்திக்கொண்டாள். கடைசி வரி மிச்சம். ராயபுரம், பத்தாயிரம். பெங்களூர், பத்தாயிரத்து எண்ணூறு. வென்றுவிட்டாள்.

ஆன்ட்டியின் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஆலையிலிருந்து சரக்கு வந்தால் முதலில் பில்லை வாங்குவார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் பச்சைப் பேனாவால் சரி போடுவார். கடைசி வரிக்குச் சரி விழுந்த பிறகுதான் லாரியிலிருந்து முதல் மூட்டை இறங்கும். ஒருமுறை நாற்பது பைசா உதைத்தது என்று ஒரு பருப்பு லாரியை மத்தியானம் வரை ரோட்டிலேயே நிறுத்தி வைத்தார். போலீஸ்காரர் வந்து கெஞ்சினார்.

ஜெஸ்லின் பட்டியலைக் கொண்டுபோய் நீட்டினாள். நானும் பக்கத்தில் நின்றேன். எங்கேயாவது ஒரு தப்பு அகப்படாதா என்று மனதுக்குள் ஜெபம் செய்தேன், பொய் சொல்லவில்லை. ஆன்ட்டி அரை மணி நேரம் பார்த்தார். மளிகை வரிகளுக்கு வந்ததும் பேனா கொஞ்சம் நின்றது. மகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சரி, சரி, சரி என்று கடைசி வரி வரை இறங்கிவிட்டது.

"கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றார்.

ஜெஸ்லின் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். முப்பத்தெட்டு பச்சை சரிகள். பள்ளியில் நட்சத்திரம் வாங்கிய குழந்தை மாதிரி குதித்தாள்.

ஜூன் மாதம் புறப்பட்டாள். சாமான் ஏற்ற வந்தவர் தண்டையார்பேட்டை தப்ரேஸ், மினி லாரி வைத்திருப்பவர். கட்டில், மிக்ஸி, இரண்டு பெட்டி ஏற்றிவிட்டு வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா இது, மளிக கட வூட்டுப் பொண்ணு, ஒரு பருப்பு மூட்ட கூட காணோம்?"

"ஒரு குண்டூசி கூட கடையிலேர்ந்து வேணாம் பாய். எல்லாம் என் காசு" என்றாள் ஜெஸ்லின். ஆன்ட்டி கல்லாவிலிருந்து எழவே இல்லை. யாரோ கேட்ட சீனிக்கு பில் போட்டுக்கொண்டிருந்தார்.

முதல் வாரமே போன் வந்தது. அங்கே தெருமுனை மளிகைக் கடையில் துவரம்பருப்பு விலை கேட்டிருக்கிறாள். கடைக்காரர் சொன்னதும், "அடக்கம் எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறாள். "நான் என்ன விலைக்கு வாங்கினேன்னு என் மனைவியே இதுவரை கேட்டதில்லை" என்றாராம் அவர். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

இரண்டாம் வாரம் இன்னொரு போன். "ஜானட், சோப்பு தீந்துபோச்சுடி."

"வாங்கு."

"இல்லடி, பட்டியல்ல சோப்புன்னு ஒரு வரியே இல்ல!"

சோப்பு இல்லை, பேஸ்ட் இல்லை, துணி துவைக்கிற பவுடர் இல்லை, சீயக்காய் இல்லை. அந்த வீட்டில் அவையெல்லாம் செலவே இல்லை. தீர்ந்தால் படியிறங்கிக் கடைக்குள் போய் எடுத்துக்கொண்டு வர வேண்டியதுதான். முப்பத்தொரு வருடத்தில் அவள் ஒரு சோப்புக் கட்டிக்குக்கூடக் காசு கொடுத்ததில்லை. தண்ணீருக்கும் ஆட்டோவுக்கும் கணக்குப் போட்டவளுக்கு இது தோன்றவே இல்லை.

இருந்தாலும் சமாளித்தாள். அந்த ஊர்க் குளிரைப் பற்றி, தெருவோர மரங்களைப் பற்றி, தன் வீட்டுச் சாவியைப் பற்றி மூச்சு விடாமல் பேசுவாள். "யாரும் என்னை மொதலாளியம்மான்னு கூப்பிடறதில்லடி. பேர் சொல்லிக் கூப்பிடறாங்க." அப்போது அவள் குரலைக் கேட்டால் எனக்கே கோபம் ஆறிவிடும்.

மூன்றாவது மாதக் கடைசியில் அழுதுகொண்டு பேசினாள். மிச்சம் ஆறாயிரத்து முந்நூறு. சினிமா இல்லை, ஓட்டல் இல்லை, ஆட்டோகூட இல்லை. அப்படியும் அவ்வளவுதான்.

"எனக்கு வாழத் தெரியலடி. அம்மா சொன்ன மாதிரி வந்து உக்காந்துடறேன். இதுக்குப் போயி இன்னும் மூணு மாசம் எதுக்கு?"

அவள் திரும்பி வந்துவிடுவாள் என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. மூன்றாம் வகுப்புக் கணக்குத்தாளைத் திருத்துகிறவள் நான். தப்பு எந்த வரியில் இருக்கிறது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. போனில் அந்தப் படத்தைத் திறந்தேன். துவரம்பருப்பு கிலோ நூற்றுப்பன்னிரண்டு என்று போட்டிருந்தாள். நான் முந்தின நாள்தான் தெருமுனைக் கடையில் நூற்றுநாற்பத்தெட்டு கொடுத்து வாங்கினேன். எண்ணெய், உளுந்து, அரிசி, புளி, எல்லாம் அப்படியே குறைவு.

"எங்கடி புடிச்ச இந்த வெலைய?"

"அதான் வெலை. கல்லாவுக்குப் பின்னால அம்மா பலகையில எழுதியிருப்பாங்களே" என்றாள்.

அது அடக்க விலை. ஆலையிலிருந்து கடைக்கு வந்து சேர்கிற விலை. ஆன்ட்டி தன் பார்வைக்காக எழுதி வைத்திருப்பது. அந்த விலைக்கு வெளியில் ஒரு மனிதனுக்கும் ஒரு கிலோ பருப்பு கிடைக்காது. அடக்கம் என்ற வார்த்தை வாயில் இருந்தாலும், பிறந்ததிலிருந்து அந்தப் பலகையைப் பார்த்தே வளர்ந்தவள், உலகத்துக்கே அதுதான் விலை என்று நினைத்துவிட்டாள். மளிகைக் கடைப் பெண்ணைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பு வராது.

இது புரிந்ததும் எனக்கு இன்னொன்றும் புரிந்தது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ரோட்டைத் தாண்டிக் கடைக்கு ஓடினேன்.

"ஆன்ட்டி, இத பாருங்க. இது உங்க பலகையில இருக்கிற வெல. அன்னிக்கே பாத்தீங்கதானே?"

ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றினார். "பாத்தேன்."

"நாப்பது பைசாவுக்கு லாரிய நிக்க வச்சவங்க நீங்க! அப்பறம் இன்னாத்துக்கு சரி போட்டீங்க? அவ அங்க அழுதுகினு கீறா!"

"கத்தாத, வியாபார நேரம்" என்றார். எதிரில் நின்றவருக்கு மிளகு பில்லைப் போட்டுக் கொடுத்தார். பிறகு தாழ்ந்த குரலில் பேசினார்.

"பத்தாயிரம்னு சொன்னது அவளைப் பிடிச்சு வைக்கத்தான். அவ போயிட்டா எனக்கு யாரு இருக்கா? பட்டியலைப் பாத்தேன். பருப்பு வெலையே தப்பு. சொல்லிருந்தா அன்னைக்கே பேசாம உக்காந்திருப்பா. சொல்லத்தான் வாயெடுத்தேன். அவ மொகத்தைப் பாத்தேன், சொல்ல வரல. ஸ்டூல்ல உக்காந்து தெனமும் அந்த மொகம் வாடுறத நானா பாக்கணும்?"

ஆன்ட்டியே தொடர்ந்தார்.

"எனக்கு இருவத்திமூணு வயசு. உங்க அங்கிள் இங்க அரைக் கடைய வாடகைக்குப் பிடிச்சிருந்தாவ. நாசரேத்துல தண்ணி என்ன, வாடகை என்ன, இங்க என்னன்னு நான் பட்டியல் போட்டிருந்தா ரயிலே ஏறிருக்க மாட்டேன். அவகிட்ட இதெல்லாம் சொல்லாத."

அந்தப் பெரிய மனுஷியின் பேச்சை மீறி அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி.

"அம்மாவா தப்புக்கு சரி போட்டாங்க?" என்று மட்டும் ஜெஸ்லின் கேட்டாள். அதன் பிறகு திரும்பி வருகிற பேச்சை அவள் எடுக்கவில்லை. சோப்புக்கும் பேஸ்ட்டுக்கும் சேர்த்து நாற்பத்துமூன்று வரியில், வெளி விலையில், புதிய பட்டியல் போட்டாள். ஆபீசில் கூட வேலை பார்க்கும் ஒரு பெண்ணோடு சேர்ந்து பாதி நாள் சமைக்க ஆரம்பித்தாள்.

கிறிஸ்துமஸுக்கு வந்தாள். நான்கு நாள் இருந்தாள். அம்மாவும் மகளும் கேக் சாப்பிட்டார்கள், கோயிலுக்குப் போனார்கள், வரலட்சுமியிடம் சண்டை போட்டு வஞ்சிரம் வாங்கினார்கள். ஆறு மாதம் முடிந்துவிட்டது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்குத்தான் மண்டை வெடித்தது.

ஊருக்குத் திரும்ப வேண்டிய நாள், மத்தியானம், தோளில் பையை மாட்டிக்கொண்டு கடைக்குள் வந்தாள். புதிய பட்டியலை எடுத்துக் கல்லாவின் மேல் வைத்தாள்.

ஆன்ட்டி கண்ணாடியைப் போட்டார். பச்சைப் பேனாவை எடுத்தார். கடையில் மூட்டை தூக்குகிறவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

"துவரம்பருப்பு நூத்தம்பத்திரெண்டா? ஏமாந்திருக்க. அஞ்சு ரூவா கூட வாங்கிருக்கான்." சரி. "சோப்பு இவ்வளவு எதுக்கு?" சரி. "காணிக்கை கூடியிருக்கு." அதற்குக் கொஞ்சம் அழுத்தமாகவே சரி.

கடைசி வரி வந்தது. மிச்சம், எட்டாயிரத்து நானூறு. பத்தாயிரத்துக்கு ஆயிரத்து அறுநூறு குறைவு. ஜெஸ்லின் பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் அந்த ஸ்டூலின் மேல் இருந்தது.

ஆன்ட்டியின் பேனா அந்த எண்ணுக்கு மேலேயே நின்றது. நாற்பது பைசாவுக்கு லாரியை நிறுத்தியவர், தன் கையால் அங்கே ஒரு சரி போட்டார்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு" என்று தாளை மடித்து மகள் கையில் கொடுத்தார். "நின்னுக்கிட்டே இருக்கியே, ரயிலுக்கு நேரமாகல?"