தாயம்மா கேட்டு வாங்கிய மோட்டார்

காலையில் சைக்கிளில் வந்து செய்தி சொன்னவர் சரோஜா. மைசூர் அக்ரஹாரத்துக்குப் பின்னால் இருக்கும் மோட்டார் பட்டறையை இப்போது நடத்துபவர். வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு, "தாயம்மா போயிட்டாங்க சார். தூக்கத்துலயே முடிஞ்சிருக்கு. பட்டறையை மூடலை. தான் செத்தாலும் மூடக்கூடாதுன்னு முன்னாடியே சொல்லி வெச்சிருந்தாங்க. அஷ்டே," என்றார். அவ்வளவுதான் என்று கன்னடத்தில் முடித்துவிட்டு மறுபடி சைக்கிளை எடுத்தார்.

நான் போய்ச் சேர்வதற்குள் தாயம்மா குடியிருந்த மண்டி மொஹல்லா தெருமுனையில் சுவரொட்டி ஒட்டிவிட்டார்கள். 'பணிவின் வடிவம், பொறுமையின் சிகரம்' என்று பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. தாயம்மாவோடு ஒரு தடவையாவது பேசியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய பொய் என்று தெரியும். அவர் பணிந்து நான் பார்த்ததில்லை. பொறுமையாக இருந்தும் பார்த்ததில்லை. அவரை அறிந்த உங்களுக்கு முன்னால் இதை எழுதி வைக்கிறேன். பிறகு வருபவர்கள் சுவரொட்டியை நம்பிவிடக் கூடாது.

தாயம்மா ஹனூர்ப் பக்கம் மார்டள்ளியில், தமிழ் பேசும் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கல்யாணமாகி மைசூருக்கு வந்து, கணவர் வேலை பார்த்த நூல் ஆலையிலேயே தானும் சேர்ந்தார். கணவர் இறந்த பிறகும் ஆலை வேலையை விடவில்லை. தொழிலாளிகள் நிற்க வைத்ததால் நகரசபைத் தேர்தலில் நின்று ஜெயித்தார். அந்தச் சபையில் பெண்கள் அபூர்வம். ஹனூர்ப் பக்கத்து வாடை வீசும் கன்னடத்தில்தான் சபையில் பேசுவார். வெளியே வந்ததும் என்னிடம் அதையே ஊர்த் தமிழில் இன்னும் காரமாகச் சொல்வார். நான் ரயில்வே பட்டறையில் மின்சாரப் பிரிவு ஃபோர்மேன். என்னை அவர் அண்ணா என்பார். சண்டை போடும்போது மட்டும் 'ஃபோர்மேன் சார்' ஆகிவிடுவேன்.

மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் மாறிய காலத்தில் அந்த ஆலை மூடப்பட்டது. மழையும் பொய்த்திருந்தது. ஆலையை நம்பியிருந்த சந்துகளில் பகலிலேயே ஆண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வேலை போனவர்களுக்கு என்ன செய்யலாம் என்று திட்டம் போட நகரசபை ஒரு குழு அமைத்தது. தலைவர் ஒரு வக்கீல், நல்ல மனிதர். தாயம்மா அதில் ஓர் உறுப்பினர். தொழிற்பயிற்சி பற்றி யோசனை சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

வக்கீல் திட்டத்தை வாசித்தார். ஆண்களுக்கு லேத்தும், மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுவதும் சொல்லிக் கொடுப்பது, பெண்களுக்குத் தையலும் அப்பளமும். வாசித்து முடித்ததும் தாயம்மா கேட்டார்.

"ஆலையில நாங்களும் அதே ஷிப்டுதானே பார்த்தோம்? வேலை போனது ஒண்ணாத்தான போச்சு? அப்பறம் அவங்களுக்கு மோட்டாரு, எங்களுக்கு அப்பளமா?"

தலைவர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரியம்மா, காயில் கட்டுவதில் பெண்களையும் சேர்க்கலாம். மெல்லிய விரல்கள், நுணுக்கமான வேலை, பொருத்தமாகத்தான் இருக்கும்," என்றார். நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். கேட்டது கிடைத்துவிட்டதே.

தாயம்மா தலையாட்டவில்லை. "விரல் மெல்லிசுன்னு சேர்த்தா கூலியையும் மெல்லிசாத்தான் குடுப்பீங்க. அந்தக் காரணம் வேண்டாமுங்க. வேலை போனவங்க, அதனால சேர்க்கறோம்னு எழுதுங்க. முடிச்சா ஆம்பளைக்குக் குடுக்கற அதே சர்டிபிகேட்டு எங்களுக்கும் குடுக்கோணும்."

அப்படி எழுதும்வரை அவர் நாற்காலியில் உட்காரவில்லை. கூட்டம் முழுக்க நின்றார். நிற்கும் ஒரு பெண்மணியைப் பார்த்துக்கொண்டே மற்ற விஷயங்களைப் பேச முடியாமல், கடைசியில் அவர் சொன்னபடியே எழுதினார்கள்.

பயிற்சி நடந்தது. ஆண்களும் பெண்களும் ஒரே கொட்டகையில் கற்றுக்கொண்டார்கள். என் வேலை முடிந்ததும் போய்ச் சொல்லிக் கொடுப்பேன். முடித்த ஆண்களைக் கடைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பெண்களை ஒருவரும் எடுக்கவில்லை. அவர்களில் ஒருவரான சரோஜா அப்போது கைக்குழந்தைக்காரி. கடை கடையாக ஏறி இறங்கினார். ஒரு கடையில், "வீட்டுல அண்ணன் தம்பி இருந்தா அனுப்பும்மா," என்றார்களாம். அதைக் கேட்ட தாயம்மா என்னிடம் சொன்னார்: "பாடம் மட்டும் சொல்லிக் குடுத்துட்டு வேலை குடுக்காத திட்டம், இலையைப் போட்டுட்டு சோறு போடாத பந்தி மாதிரிண்ணா."

அந்தக் கோடையில் மண்டி மொஹல்லாவுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோனது. நகரசபை மோட்டார்களைப் பழுதுபார்க்கும் ஒப்பந்தக்காரர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தார். குழாயடியில் குடங்கள் வரிசையாகக் காய்ந்தன. தாயம்மா சபையில் எழுந்து, அந்த மோட்டாரைப் பயிற்சி முடித்த பெண்களிடம் கொடுக்கவேண்டும் என்றார். நகரசபைப் பொறியாளர், "கெட்டுப்போனால் யார் பொறுப்பு?" என்று கேட்டார்.

"நான். அதுக்கு மேல அது கெட என்ன இருக்குதுங்க? எரிஞ்சுதானே கிடக்குது?"

சபையில் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பிலேயே அனுமதியும் வந்துவிட்டது.

பெண்கள் பழைய காயிலை உருவி எறிந்து, புதிதாகக் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்தார்கள். ஓட்டிப் பார்க்கும் நாளில் பொறியாளர், ஒப்பந்தக்காரர், உறுப்பினர்கள், குடம் வைத்திருந்த தெருக்காரர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் உறுமியது. பிறகு புகை வந்தது. சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். சரோஜாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஒப்பந்தக்காரர் பக்கத்தில் நின்றவரிடம், "பொம்பளை கட்டின மோட்டார் அடுப்பாட்டம் புகையுது," என்றார்.

தாயம்மா அவர் எதிரில் போய் நின்றார். "புகைஞ்சுதுங்க. எல்லாரும் பார்த்தோம். இதுக்கு முந்தி இந்த மோட்டாரைக் கட்டினது யாரு? உங்க ஆளுங்கதானே? அதுவும் புகைஞ்சுதானே இங்க வந்துது? அன்னிக்கு இத்தனை பேரு வேடிக்கை பார்க்க வந்தாங்களா?"

அவர் பெண்கள் பக்கம் திரும்பி, அதே குரலில், "அழுகறவ வீட்டுக்குப் போய் அழுங்க. மத்தவங்க பிரிங்க," என்றார்.

சரோஜா முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல் ஆளாகக் குனிந்தார். பிரித்துப் பார்த்தபோது காயிலை இறக்கும் இரும்புப் பள்ளம் ஒன்றில் வைத்த மின்காப்புத்தாள் கிழிந்து, கம்பி இரும்பில் பட்டிருந்தது தெரிந்தது. மறுபடி கட்டினார்கள். அந்த முறை வேடிக்கை பார்க்கப் பெரியவர்கள் ஒருவரும் வரவில்லை. மோட்டார் ஓடியது, குழாயில் தண்ணீர் வந்தது, குடங்கள் நிறைந்தன. அவ்வளவு சாதாரணமாக அது நடந்து முடிந்தது.

ஆனால் அதோடு எல்லாம் கூடிவரவில்லை. ஒரு மோட்டார் கொடுத்ததே பெரிது என்று சபை நிறுத்திக்கொண்டது. அடுத்த தேர்தலில் ஒப்பந்தக்காரர் தன் ஆட்களை இறக்கித் தாயம்மாவுக்கு எதிராக வேலை செய்தார். தாயம்மா தோற்றார். அவர் தெருவிலேயே அவருக்கு ஓட்டுக் குறைந்திருந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். ஆறுதல் சொல்லப் போனேன். "தோத்தது நானு. பொம்பளைங்க தோக்கலை. பட்டறைக்கு எடம் பாருங்கண்ணா," என்று கதவருகிலேயே சொல்லி அனுப்பிவிட்டார். உள்ளே கூப்பிடக்கூட இல்லை.

அக்ரஹாரத்துக்குப் பின்னால் ஒரு மாட்டுக்கொட்டகை வாடகைக்குக் கிடைத்தது. பெண்கள் கூட்டாகப் பட்டறை போட்டார்கள். முதலில் மாவு மில் மோட்டார்கள் வந்தன. பிறகு கொள்ளேகால் பக்கத்து விவசாயிகள் கிணற்று மோட்டார்களை பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். நகரசபைக்கும் தாயம்மா விடாமல் நடந்தார். பதவியில் இருந்தபோது போனதைவிட அதிகமாகவே போனார். கடைசியில், புதிதாக வந்த சபை தண்ணீர் மோட்டார்களைப் பழுதுபார்க்கும் வேலையைப் பட்டறைக்கே கொடுத்தது.

அதற்கு ஒரு விழா வைத்தார்கள். மேடையேறும் முன், நகரசபைக்கு இரண்டு வார்த்தை நன்றி சொல்லுங்கள் என்று நான் காதோடு சொன்னேன். அவர் மைக்கில் சொன்னது இது: "நகரசபைக்கு மோட்டார் ஓடோணும். எங்களுக்கு வேலை வேணும். ரெண்டும் ஆச்சு. இதுல யாரும் யாருக்கும் பிச்சை போடலைங்க." இறங்கி வந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் என்னவோ சொல்லிவிட்டேன். நெடுநாள் நான் ஃபோர்மேன் சாராகவே இருந்தேன்.

அவரோடு பழகுவது சுலபமல்ல. பாதியில் பட்டறையை விட்டுப்போன பெண்களை அவர் மன்னிக்கவே இல்லை. அவர்களுக்கும் வீட்டில் ஆயிரம் நெருக்கடி இருந்திருக்கும் என்றால் கேட்கமாட்டார். மென்மையானவர் என்று இன்று சொல்லி அவரைச் சின்னதாக்க எனக்கு மனமில்லை. மென்மையாக இருந்திருந்தால் அந்தப் பெண்கள் இன்னும் அப்பளம் இட்டுக்கொண்டிருப்பார்கள்.

அவர் போன மறுவாரம் நகரசபை அலுவலகத்துக்குப் போனேன். வேலையில்லாத இளைஞர்களுக்குப் புதிதாக ஒரு பயிற்சித் திட்டம் போடுகிறார்கள். பெண்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று அதிகாரியிடம் கேட்டேன். "தையல் இருக்கே தாத்தா. அதெல்லாம் முடிவாயிடுச்சு. உங்களுக்கு எதுக்கு இந்த வயசுல அலைச்சல்? உட்காருங்க, காப்பி சொல்றேன்," என்றார். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் சொன்னார். நான் ஆயுள் முழுக்க இப்படிப்பட்ட மரியாதைக்குத் தலையாட்டியே பழகியவன்.

தாயம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். காப்பி வேண்டாம் என்றேன். முட்டி வலித்தது. உட்காரவில்லை.