சித்தி முடிக்காத பின்னல்கள்

வியர்வை காயாத ஊரில் என் சித்தி கம்பளி பின்னினாள். குளிர்தேசத்திலிருந்து கப்பலேறி வந்த கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் அவள் சில காலம் படித்தாள். அவர்கள் தங்கள் நாட்டை மறக்க முடியாமலோ என்னவோ, அந்த வித்தையை இங்கிருந்த பெண்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். மற்றவர்கள் பள்ளியை விட்டதும் அதையும் விட்டார்கள். சித்தி விடவில்லை.

அவள் அம்மாவின் கடைசித் தங்கை. பெற்றவர்கள் போனபின் எங்களோடு இருந்தாள். சிராங்கூன் ரோட்டில், சுண்ணாம்புக் கம்பம் என்று எங்களவர்கள் சொன்ன பகுதியில், அப்பா மாட்டுத்தீவனக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் அத்தாப்பு ஓலை வேய்ந்த வீடு, சுற்றிலும் மாட்டுக் கொட்டகைகள். சித்தியின் நூலில்கூடப் பிண்ணாக்கு வாசனை ஏறியிருக்கும்.

ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. ஒரே சமயத்தில் நாலைந்து பேருக்குப் பின்னுவாள். காலையில் ஒருவருக்குத் தொப்பி, மத்தியானம் வேறொருவருக்குக் காலுறை. எல்லாம் சும்மா கொடுப்பதற்குத்தான். கல்யாணம், குழந்தை என்று பெரிய காரணம் வேண்டியதில்லை. யாராவது இருமினால் போதும், அவருக்கென்று ஒரு பின்னல் தொடங்கிவிடும். ஊசிகள் போதாமல், கிழிந்த குடைகளின் கம்பிகளை அப்பா அரத்தால் ராவிக் கொடுத்தார். இதனால் மழைக்குப் பிடிக்க எங்கள் வீட்டில் ஒரு குடையும் முழுதாக இருந்ததில்லை.

பக்கத்துக் கொட்டகைக்காரப் பெரியவருக்கு மூச்சிரைப்பு. அவர் கழுத்தில் சுற்றிக்கொள்ள சித்தி ஒரு நீளத் துணி பின்னிக் கொடுத்தாள். சில நாளில் அவர் இறந்தார். பல வருஷமாக அவர் இறந்துகொண்டுதான் இருந்தார் என்பதால் யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. பிறகு, கூடப் படித்த சிநேகிதிக்குக் கல்யாணப் பரிசாக ஒரு கைப்பை கொடுத்தாள். அந்தப் பெண்ணைக் காய்ச்சல் கொண்டுபோனது. அடுத்தது வண்டிக்காரர் வீட்டுக் கைக்குழந்தை. சித்தி கொடுத்த காலுறை காலில் இருக்கும்போதே அதன் உயிர் போயிற்று.

எங்கள் பகுதியை ஒட்டிய ரோச்சோர் கால்வாய்ப் பக்கம் அந்த வருஷம் வீட்டுக்கு வீடு காய்ச்சல். ஆனால் காய்ச்சலைக் கூப்பிட்டு வைத்து யாரும் திட்ட முடியாது. சித்தி கண்ணெதிரில் இருந்தாள். முன்பு வாங்கிப் போனவர்கள் அவள் கொடுத்த தொப்பியையும் பையையும் வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமலே போனார்கள். அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றக் குடங்கள் நகர்ந்தன.

சித்தி அழுது நான் பார்க்கவில்லை. பின்னுவதையும் அவள் நிறுத்தவில்லை. எதையும் முடிப்பதைத்தான் நிறுத்தினாள்.

முன்னைவிட அதிகமாகப் பின்னத் தொடங்கினாள். அப்பாவுக்கு, அம்மாவுக்கு, எனக்கு, கடையில் மூட்டை தூக்குகிறவருக்கு, குடத்தை நகர்த்திய பெண்களுக்குக்கூட. ஒவ்வொன்றும் கடைசி வரிசைக்கு முந்தின வரிசை வரை வரும். அங்கே ஊசியோடு நிறுத்தி, உள்ளறையின் குறுக்கே கட்டிய கயிற்றில் தொங்கவிடுவாள். உச்சி மூடாத தொப்பிகள், விரல் மூடாத காலுறைகள், முழங்கையோடு நின்றுபோன என் சட்டை. அதன் கீழேதான் நான் பாய் போட்டுப் படுப்பேன். மத்தியானத்தில் கடற்காற்று புகுந்தால் குடைக்கம்பிகள் ஒன்றோடொன்று உரசி டிக், டிக் என்று சத்தம் வரும். இது அப்பா, இது அம்மா, இது நான் என்று எண்ணிக்கொண்டே கிடப்பேன். காற்றே இல்லாத நேரத்திலும் சில நாள் அந்தச் சத்தம் கேட்டது. கேட்டது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

அம்மா அப்போது நிறைமாதம். ஒருநாள் கயிற்றின் மூலையில், என் உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளைத் தொப்பி தொங்குவதை அவள் பார்த்துவிட்டாள். அதற்கும் உச்சி மூடவில்லை. யாருக்கென்று அவள் கேட்கவில்லை. வயிற்றில் கை வைத்தபடி, அதைப் பிரித்துவிடச் சொன்னாள்.

"பிரிக்க மாட்டேன்க்கா," என்றாள் சித்தி. குரல் மிகவும் சாதாரணமாக இருந்தது. "முடிச்சா போயிடுறாங்க. பிரிச்சா என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்? இப்படியே தொங்கினா எல்லாரும் இருப்பாங்க."

அம்மா கயிற்றை ஏறிட்டுப் பார்த்தாள். எங்கள் தெருவே அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. அவளும் தொப்பியைத் தொடவில்லை. அன்றுமுதல் அந்த அறையில் யாரும் உரக்கப் பேசவில்லை. அப்பாகூடக் கயிற்றில் தலை படாமல் குனிந்து நடந்தார்.

எதிர்வீட்டில் நாகூர்க்கார ராவுத்தரின் மனைவி இருந்தார். எங்கள் வாசல்படி ஏறுவதை நிறுத்தாதவர் அவர் ஒருவர்தான். அவருக்கும் ஒரு பை கயிற்றில் தொங்கியது. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, சித்தியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்குள்ளத முடிச்சுக் குடு புள்ள. அல்லா நாடுனதுதான் நடக்கும். ஒண்ண முடிச்சுப் பாக்காம எப்படித் தெரியும்?"

சித்தி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். ஆனால் அவர் சொன்னது அவளுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டது. அன்று மாலையே சிவப்பு நூலில் புதிதாக ஒன்றைத் தொடங்கினாள். அகலமான சால்வை. யாருக்கு என்று கேட்டேன். "அளவு தெரியலையா?" என்று தன் தோளில் வைத்துக் காட்டினாள். மற்ற எதையும் தொடாமல் அதையே பின்னினாள்.

முடிகிற தறுவாயில் ஒரு வெள்ளிக்கிழமை. சித்தி காலையிலேயே தலைக்குக் குளித்து நல்ல புடவை கட்டிக்கொண்டாள். எனக்குத் தலை வாரிவிட்டாள். தன் கண்ணாடி வளையல்களைக் கழற்றி என் கையில் போட்டாள். அவை முழங்கை வரை ஓடின. தன் தகரப்பெட்டியின் சாவியையும் தந்தாள்.

"இனிமே இது உன்னுது. உள்ள இருக்கிறதும் உன்னுது."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தப் பெட்டியில் சிஸ்டர்கள் கொடுத்த படங்களும், தாழம்பூ வாசனையுள்ள பட்டு நாடாக்களும் இருந்தன.

உச்சிப்பொழுதில் பின்வாசலில் உட்கார்ந்து கடைசி வரிசையை முடித்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஊசியைக் கீழே வைத்துவிட்டு, அந்த வெயிலில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எங்கயும் போகாத. எங்கூடவே இரு," என்றாள்.

காற்று இல்லை. கொட்டகையில் மாடுகள் அசைபோடுவதைக்கூட நிறுத்தியது போல இருந்தது. அப்போது உள்ளே கயிற்றில் எல்லாக் கம்பிகளும் ஒருசேரச் சடசடத்தன. பிறகு நின்றன. சித்தி என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் ஒன்று உடைந்து கீறியது, அவள் கவனிக்கவில்லை. முகத்தில் வியர்வை ஆறாக ஓடியது, கையோ சில்லென்றிருந்தது. புழுங்குகிறதே, கழற்றிவிடு சித்தி என்றேன். கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றாள்.

நிழல் முற்றத்தைக் கடந்து வேலியில் ஏறியது. மேயப்போன மற்ற மாடுகள் திரும்பி வந்தன. விளக்கேற்ற வந்த அம்மா எங்களைப் பார்த்தாள். சிவப்புச் சால்வையையும், தரையில் கிடந்த வெறும் ஊசியையும் பார்த்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு சித்தியின் மறுபக்கம் உட்கார்ந்து அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். விளக்கில்லாத வீட்டின் பின்வாசலில் மூவரும் அப்படியே இருந்தோம்.

வெகுநேரத்துக்குப் பிறகு சித்தி சொன்னாள், "பசிக்குதுக்கா."

அம்மா விசும்பி அழுதாள். பசிக்கிறது என்றால் சோறு போடாமல் ஏன் அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அதன்பின் கயிறு மெல்ல மெல்லக் காலியானது. ராவுத்தர் வீட்டம்மா தன் பையை வாங்கி, அதைப் பிடித்தபடி தெருவை ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தார். தம்பி பிறந்த அன்று வெள்ளைத் தொப்பியின் உச்சியை அம்மாவின் கட்டிலருகில் உட்கார்ந்துதான் சித்தி மூடினாள். அவன் இன்றும் நன்றாக இருக்கிறான். எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறான்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் எனக்கு இழைக்கப்பட்ட அநியாயத்தை நான் நெடுநாள் மறக்கவில்லை. காலையில் பல் தேய்க்கும்போதே சித்தி சிரித்துக்கொண்டு வந்து பெட்டிச் சாவியைத் திருப்பிக் கேட்டாள். உனக்குத்தான் என்று கொடுத்துவிட்டு மறுநாளே கேட்கலாமா? சாவியை அவள் காலடியில் எறிந்தேன். அவள் அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு என்னை இறுகக் கட்டிக்கொண்டாள். நான் திமிறினேன். ஒரு வாரம் அவளோடு பேசவே இல்லை.